மசாலாக்கார அப்பாயி

என் அப்பாயி காலமான மறுநாள் தமிழ் நாளிதழில் வந்த மரண அறிவிப்பில், அவர் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது: "குடும்பத்துக்காகத் தன்னையே மெழுகாக உருக்கிக்கொண்ட எங்கள் குலவிளக்கு." சித்தப்பா எழுதிக் கொடுத்தது. அழுதுகொண்டே எழுதினார். பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதனால் அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். பாவம், உழைச்சே ஓடாத் தேஞ்சிருச்சு. பிள்ளைங்களுக்காகவே வாழ்ந்துச்சு. தனக்குன்னு எதையும் வச்சுக்கிட்டதில்ல.

அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அப்பாயி தனக்கென்று நிறைய வைத்துக்கொண்டார். ஒரு தொழில், அதில் ஒரு பெயர், யாரும் கை வைக்க முடியாத ஒரு தகர டப்பா, மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் எந்த வீட்டுக்கு என்ன காரம் என்ற கணக்கு. எங்கள்மேல் உயிரையே வைத்திருந்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்களுக்காக அவர் கரைந்து காணாமல் போகவில்லை. 93 வயதுவரை முழு ஆளாக நடமாடினார். அதைத்தான் எழுதி வைக்க நினைக்கிறேன்.

93 என்பது அடையாளக் கார்டு சொல்லும் கணக்கு. அப்பாயி பிறந்தது நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஒரு கிராமத்தில். எந்த வருடம் என்று அவருடைய அம்மாவுக்கே நிச்சயமாகத் தெரியாது. கார்டு எடுக்கப் போனபோது அங்கிருந்த அதிகாரி ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 1930 என்று போட்டுக்கொண்டாராம். "அவரு பாத்து வச்சதுதான் எனக்கு வயசு" என்பார். அப்பாயி காலத்தை நம்மைப் போல வருடம் வைத்துச் சொன்னதே கிடையாது. கப்பல் ஏறின வருசம், குண்டு போட்ட வருசம், வாழைமர நோட்டு வந்த காலம், கர்ஃப்யூ போட்ட வருசம். நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிக்க ஆரம்பித்த பிறகுதான் அவற்றுக்கெல்லாம் ஆண்டு போட்டுப் பார்த்தேன்.

கப்பல் ஏறினது 1937 வாக்கில். கப்பலின் பெயர் ரஜுலா. மலேசியத் தமிழர் வீடுகளில் பாதிக் கதைகள் அந்தக் கப்பலில்தான் தொடங்கும். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். டெக் டிக்கெட் எடுத்தவர்களுக்கு மேல்தளத்தில் பாய் விரிக்கிற அளவுதான் இடம். அப்பாயியின் அப்பா அதற்கு முன்பே வந்து பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சேருவதற்காக அம்மாவும் மகளும் ஒரு தகரப் பெட்டியோடு ஏறினார்கள். பினாங்கு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நேராக இறக்கிவிடவில்லை. முதலில் ஜெரெஜாக் தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். அம்மை, காலரா இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்தவர்களை அங்கே சில நாள் நிறுத்தி வைப்பது அந்தக் கால வழக்கம். அங்கிருந்து பார்த்தால் எதிரே பினாங்குத் தீவு தெரியும். "அப்பா அங்கதான் இருக்காருன்னு அம்மா கையக் காட்டிக்கிட்டே இருக்கும். நானும் எந்த ஆளு அப்பான்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

குண்டு போட்டது 1941 டிசம்பர் 11, வியாழக்கிழமை. ஜப்பான்காரர்கள் கோத்தா பாருவில் இறங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. காலையில் விமானங்கள் வந்தபோது ஜனங்கள் பதுங்காமல் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அப்பாயியும் அப்படி நின்றவர்தான். பதினோரு வயதுப் பெண். வெள்ளி மாதிரி மின்னிச்சு, எண்ணிக்கிட்டு நின்னோம் என்பார். அதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நான் துருவிக் கேட்டபோது எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் சொன்னதெல்லாம் அதற்குப் பின்னால் நடந்தது மட்டும்தான்: பட்டணமே மூட்டை முடிச்சோடு ஆயர் ஈத்தாம் பக்கம் மலையடிவாரத்துக்கு ஓடியது, வழியில் ஒரு சீனக் கிழவி தன் கைக்குழந்தைக்கு வைத்திருந்த பிஸ்கட்டில் ஒன்றைத் தனக்குக் கொடுத்தது.

அப்புறம் மூன்றரை வருடம் மரவள்ளிக்கிழங்கு. சாகும்வரை அப்பாயி மரவள்ளிக்கிழங்கைத் தொட்டதில்லை. வீட்டில் யாராவது ஆசையாக அவித்தால் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். 1943-இல் அவருடைய அப்பாவைச் சயாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாவிலிருந்து கொண்டுபோன ஆட்களில் பெரும்பாலானவர்கள் நம் தமிழர்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் எத்தனை பேர் செத்தார்கள் என்று அன்றைக்குப் பெயர் எழுதி வைத்தவர் இல்லை. 1943 அக்டோபரில் பாதை முடிந்துவிட்டது. அவர் திரும்பவில்லை. ஒரு கடிதம் கிடையாது, இன்ன தேதியில் போனார் என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. தேதி தெரியாததால் ஆடி அமாவாசையன்று அவருக்குப் படைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இன்றைக்கும் படைக்கிறோம்.

தொழில் வந்தது அந்த இழப்பிலிருந்துதான். சண்டை முடிந்து, கடைகளில் மல்லியும் மிளகாயும் மறுபடி தலைகாட்டத் தொடங்கியபோது, அப்பாயியின் அம்மா முந்திரி ஸ்திரீட்டில் சீனமும் மலாயும் கலந்த பண்பாட்டுக்காரர்களான நோன்யா வீடு ஒன்றுக்கு மசாலா அரைக்கப் போனார். கூடவே மகளும் போனார். பெரிய வீடு, தினமும் இருபது பேர் சாப்பாடு. அம்மாவும் மகளும் அம்மிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து மாறி மாறி அரைப்பார்கள். கறி காப்பிதான் என்ற அவர்கள் கோழிக்கறிக்கு என்ன வேண்டும், செராயை (எலுமிச்சைப்புல்) எந்தப் பதத்தில் எடுக்க வேண்டும், பெலாச்சானை (இறால் விழுது) சுட்டுப் போடுவதா பச்சையாகப் போடுவதா என்பதையெல்லாம் அந்த வீட்டு நோன்யா அம்மாவிடம் அடி வாங்காத குறையாகக் கற்றுக்கொண்டாராம். மஞ்சள் ஒரு விரல் கூடினால் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிவிடுவாராம் அந்த அம்மா. அப்பாயிக்கு அவர்மேல் கடைசிவரை பெரிய மரியாதை. "அவுங்க நாக்கு தராசு" என்பார்.

கல்யாணம் ஆன பிறகு அப்பாயி தனியாகச் சௌராஸ்தா மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்தார். இன்றைய பிள்ளைகளுக்கு இந்த வியாபாரம் எப்படி நடந்தது என்பதே தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அரைத்த மசாலாவைக் கலந்து விற்பது கிடையாது. மிளகாய் ஒரு குவியல், மல்லி ஒரு குவியல், சீரகமும் சோம்பும், மஞ்சள், மிளகு, இஞ்சி, பூண்டு, வெங்காயம் என்று எல்லாம் ஈரமாக அரைத்துத் தனித்தனி உருண்டையாகத் தட்டில் இருக்கும். மேலே ஈர வாழையிலை மூடியிருக்கும். ஆள் வந்து நின்றதும் அப்பாயி கேட்பது இரண்டே கேள்வி. என்ன சமைக்கிறீங்க? எத்தனை பேர்? மலாய்க்காரருக்கும் சீனருக்கும் பசார் மலாயில்: "ஈக்கான் அப்பா? பெராப்பா ஓராங்?" என்ன மீன், எத்தனை பேர். தெங்கிரி மீன், ஐந்து பேர் என்று பதில் வரும். அவ்வளவுதான். விரல் நுனியால் மிளகாயில் இத்தனை, மல்லியில் இத்தனை, மஞ்சள் ஒரு தொடு தொட்டு, எல்லாவற்றையும் இலையில் வரிசையாக அப்பி, மடித்து ஈர்க்கு குத்திக் கொடுத்துவிடுவார். தராசும் இல்லை, கரண்டியும் இல்லை. முதலில் ஐந்து காசு, பத்து காசு. நான் பார்க்கிற காலத்தில் ஐம்பது காசு, ஒரு வெள்ளி (ரிங்கிட்).

அந்த விரல்களை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலது கையின் நடு மூன்று விரல்கள்தான் வேலை செய்யும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் எதிலும் படாமல் விலகி நிற்கும். ஒவ்வொரு குவியலுக்கும் ஆழம் வேறு. மல்லியில் முதல் கணு வரை உள்ளே போகும், சீரகத்தில் நகம் வரைக்கும்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் பக்கத்தில் இருக்கும் ஈரத்துணியில் ஒரு தடவு. நகத்தடியில் ஏறிய மஞ்சள் மட்டும் எதற்கும் போகாது. தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தாலும் அந்த நகங்கள் மஞ்சளாகவே இருக்கும். எண்பது வயதுக்கு மேல்தான் அது வெளுத்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருப்பார். வெளுப்பான சாமான்கள் முதலில், அப்புறம் மல்லி, சீரகம், அப்புறம் மஞ்சள், கடைசியாக மிளகாய். இந்த வரிசையில் அரைத்தால் அம்மியை ஒவ்வொரு தடவையும் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை. மிளகாய் முதல்நாள் மாலையே காம்பும் விதையும் எடுத்து ஊறப்போட்டிருக்கும். விதை எடுக்கிற வேலை பேரப்பிள்ளைகளுக்கு. கை எரியும். கழுவின அரிசித் தண்ணீரில் கையை முக்கிவைத்து, அப்புறம் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிடுவார். அழுதாலும் வேலை நிற்காது. விதையோடு அரைத்தால் மசாலா திப்பியாக நிற்கும், சீனர்கள் வாங்க மாட்டார்கள் என்று காரணம் சொல்லித்தான் வேலை வாங்குவார். சும்மா செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

எத்தனை பேர் என்ற கேள்வியில் ஒரு ஊரே அவர் காலடிக்கு வந்துவிடும். ஐந்து பேருக்கு வாங்கிக்கொண்டிருந்த வீடு ஒருநாள் நான்கு பேருக்குக் கேட்கும். அப்பாயி ஏன் என்று கேட்க மாட்டார். நான்கு பேருக்கே போட்டு, இரண்டு பல் பூண்டு சும்மா வைத்துக் கொடுப்பார். பத்து நாள் கழித்து அவர்களே சொல்லுவார்கள், பையன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான் என்றோ, கிழவர் தவறிவிட்டார் என்றோ. திடீரென்று மிளகும் பூண்டும் சுக்குமாகக் கேட்டால் பிள்ளை பிறந்திருக்கிறது. காரத்தைக் குறைக்கச் சொன்னால் யாருக்கோ வயிற்றுப்புண். டிரான்ஸ்ஃபர் ரோட்டில் ஒரு மலாய்க் குடும்பத்துக்குப் பிரசவ மருந்துக் காரம் மூன்று தலைமுறைக்கு அப்பாயி அரைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டுப் பேத்தி தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து "ஆச்சி, இதுவும் உங்க மசாலாதான்" என்று மலாயில் சொன்னபோது நான் கூட இருந்தேன். அன்றைக்கு முழுவதும் அப்பாயி பேசியது அதைப் பற்றித்தான். இதைத் தியாகம் என்று சொன்னால் அவருக்குப் புரிந்திருக்காது. அவருக்கு அதில் அத்தனை பெருமை.

தாத்தா நகராட்சியின் பஸ் டிப்போவில் வேலை பார்த்தார். மேலே கம்பியில் மின்சாரம் வாங்கி ஓடுமே, அந்த டிராலி பஸ்களைக் கழுவித் துடைக்கிற வேலை. 1961-இல் அந்தப் பஸ்கள் நின்று சாதாரண பஸ்கள் வந்தன. மிகவும் அமைதியான மனிதர். அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம், என்றைக்காவது ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்பது. 1957-இல் மெர்டேக்கா (சுதந்திரம்) கிடைத்ததும் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளச் சொல்லி எல்லாரும் பேசினார்கள். தாத்தா, எதுக்கு, நமக்கு அங்க நெலம் இருக்கு என்றாராம். அப்பாயிக்கு யோசனை சொன்னது மசாலா வாங்க வரும் ஒரு பள்ளி ஆசிரியை. இந்த நாட்டில் பிள்ளை பெற்று, இந்த நாட்டில் சம்பாதிக்கிறாய், காகிதம் வாங்கி வைத்துக்கொள் என்று அந்த அம்மா சொன்னதை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வியாபாரத்தை மூடிவிட்டு, தாத்தாவின் வேட்டியையும் சட்டையையும் எடுத்து முன்னால் வைத்து, கெளம்புங்க என்றார்.

அந்த ஒரு நாளுக்கு எங்கள் குடும்பம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது என்பது 1969-க்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வருட மே மாத இனக் கலவரம் முடிந்ததும் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றாகிவிட்டது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள், இங்கேயே முப்பது நாற்பது வருடம் உழைத்தவர்கள், வேலை போய் ரஜுலாவில் திரும்ப ஏறினார்கள். எங்கள் பக்கத்து அறையில் இருந்த குடும்பமும் அப்படிப் போனதுதான். கிளம்பும்போது அந்தச் சித்தி தன் ஆட்டுக்கல்லை அப்பாயிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். எங்கள் வீட்டில் எல்லார் கையிலும் நீலக் கார்டு இருந்தது.

பணத்தைப் பற்றி எழுதாமல் அப்பாயியைப் பற்றி எழுத முடியாது. காகிதப் பணம் அவரை இரண்டு தடவை ஏமாற்றியது. முதல் தடவை ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு. அவருடைய அம்மா பானையில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் 1945-இல் ஒரே நாளில் வெறும் காகிதம் ஆனது. இரண்டாம் தடவை 1967 நவம்பர். அந்த வருடம்தான் மலேசியாவின் புதிய நாணயம் வந்திருந்தது, பழைய நோட்டும் புழக்கத்தில் இருந்தது. பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்ததும், பழைய நோட்டின் ஒரு வெள்ளிக்கு இனி 85 காசுதான் என்று அறிவித்துவிட்டார்கள். அப்பாயியின் மைலோ டப்பாவில் இருந்ததெல்லாம் பழைய நோட்டு. நூறு வெள்ளிக்குப் பதினைந்து வெள்ளி காற்றோடு போயிற்று. நவம்பர் 24-ஆம் தேதி பினாங்கில் ஹர்த்தால் நடந்து, அது கலவரமாகி, ஊரடங்கு போட்டார்கள். அடைத்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அப்பாயி டப்பாவில் இருந்த நோட்டுகளை எண்ணி எண்ணிப் பார்த்தாராம். யார் திருடினது என்று சொல்லக்கூட ஆள் இல்லையே என்றுதான் அவருக்குக் கோபம்.

அதற்குப் பிறகு அவர் காகிதத்தை நம்பவில்லை. செலவு போக மிஞ்சினதெல்லாம் தங்கம். பென்னாங் ஸ்திரீட்டில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் மாதாமாதம் கொஞ்சம் கட்டி, ஒரு சங்கிலி, ஒரு ஜோடி வளையல் என்று சேர்த்தார். பள்ளி திறக்கிற ஜனவரியில் அது அடகுக் கடைக்குப் போகும், தீபாவளிக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடும். எங்கள் தலைமுறையில் படித்தவர்கள் அத்தனை பேருடைய பள்ளிக் கட்டணமும் அந்தச் சங்கிலியில்தான் வந்தது. ஆனால் ஒன்று: நகை மீண்டு வந்த அன்று மாலை அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். நெடுநேரம் நிற்பார். அப்புறம் அதோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்வருவார். அந்தச் சங்கிலி அவருக்கு வெறும் சேமிப்பாக இருந்ததில்லை. அழகாக இருப்பது அவருக்கு மிகவும் பிடிக்கும். கறுப்புக்கரைச் சேலையும் மூக்குத்தியுமாக அவர் குயின் ஸ்திரீட்டில் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து வணக்கம் சொல்வார்கள்.

அத்தை கதையை விட்டுவிடக் கூடாது. 1969-இல் பினாங்குக்கு இருந்த தீர்வையில்லாத் துறைமுகச் சலுகையை எடுத்துவிட்டார்கள். துறைமுகத்தையும் கடைத்தெருவையும் நம்பியிருந்த ஆண்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பெரியப்பா பல மாதம் சும்மா இருந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கி, மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தபோது அவர்கள் கேட்டது பெண் பிள்ளைகளை. அத்தைக்குப் பதினெட்டு வயது. ராத்திரி ஷிப்ட், தொழிற்சாலை பஸ், கையில் சொந்தச் சம்பளம். அப்படி வேலைக்குப் போன பெண்களை ஊரே மினா காரான் (கரண்டுக்காரி) என்று கேலி பேசிய நேரம். எங்கள் உறவிலேயே ஒருவர் வீட்டுக்கு வந்து, வயசுக்கு வந்த பொண்ண ராத்திரி வேலைக்கு அனுப்பலாமா, நாளைக்கு யார் கட்டுவா என்று கேட்டார். அப்பாயி அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டுச் சொன்ன பதிலை அத்தை இன்றும் சொல்லிக் காட்டுவார். "நான் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அரைக்கிறத யாரும் தப்பு சொல்லலியே அண்ணே. அவ ராத்திரி ரெண்டு மணிக்குக் கம்பி ஒட்டுறா. ரெண்டும் வேலதான்." அத்தை அந்த வேலையில் மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றார். கட்டிக்கொள்ளவும் ஆள் வந்தார்.

எண்பதுகளில் பாக்கெட் மசாலாத்தூளும் மின்சார பிளெண்டரும் வீட்டுக்கு வீடு நுழைந்தன. கூட்டம் குறைந்தது. அப்பாயி அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தூளை வாங்கி வந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா யாருக்குன்னு அரைச்சது?" என்று மட்டும் கேட்டார். காலையில் வரும் பத்துப் பன்னிரண்டு வாடிக்கைக்காரர்களுக்காகத் தொண்ணூறுகளின் நடுப்பகுதிவரை போய் உட்கார்ந்துகொண்டிருந்தார்.

அவரை உண்மையில் உலுக்கியது வீடு. ஜார்ஜ் டவுனில் 1948-க்கு முன் கட்டின வீடுகளுக்கெல்லாம் வாடகைக் கட்டுப்பாடு இருந்தது. அந்தச் சட்டத்தால்தான் எங்களைப் போன்றவர்கள் பட்டணத்தின் நடுவில், கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் நடக்கிற தூரத்தில், பழைய கடைவீட்டு மாடியில் அரைநூற்றாண்டு குடியிருக்க முடிந்தது. 1997-இல் சட்டத்தை நீக்கினார்கள். 1999 டிசம்பர் 31-ஓடு பாதுகாப்பு முடிந்தது. புது வருடம் பிறந்ததும் வீட்டுக்காரர் கேட்ட வாடகை எங்களால் நினைத்துப் பார்க்க முடியாதது. தெருவே காலியானது. கூடை முடைகிறவர், பூக்கட்டுகிற அக்கா, கீழ்க்கடை சீனத் தையல்காரர் என்று ஒவ்வொருவராக எங்கெங்கோ போனார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. அந்தச் சுவர்களும் ஓடுகளும் பிழைத்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றுக்குள் இருந்தவர்களை எண்ணினால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. எங்கள் வீடு இப்போது பயணிகள் தங்கும் விடுதி. அப்பாயி மிளகாய் ஊறவைத்த முற்றத்தில் நாற்காலி போட்டுக் காப்பி கொடுக்கிறார்கள்.

நாங்கள் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குப் போனோம். எழுபது வயதில் அப்பாயி முதல்முறையாக லிப்டில் ஏறி வீட்டுக்குப் போனார். அம்மியும் லிப்டில்தான் வந்தது, நான்கு ஆண்கள் தூக்கி. முதல் வாரமே கீழ்வீட்டுக்காரர் வந்து, விடியற்காலையில் தலைக்கு மேலே கடகடவென்று சத்தம் கேட்கிறது, குழந்தை தூங்கவில்லை என்றார். அப்பாயி மன்னிப்புக் கேட்டார். சாக்கை நான்காக மடித்து, அதன்மேல் பழைய போர்வை, அதன்மேல் அம்மி என்று வைத்துப் பார்த்தார். நேரத்தையும் காலை ஒன்பது மணிக்கு மாற்றிக்கொண்டார். அப்புறம் அந்தக் கீழ்வீட்டுக்கே, ஹொக்கியன் பேசுகிற சீனக் குடும்பம் அது, ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறிக்கு அரைத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். காசு வாங்கித்தான் கொடுத்தார். சும்மா கொடுத்தால் அடுத்த வாரம் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்பது அவர் நியாயம்.

கடைசிப் பத்து வருடத்தில் மூன்று துக்கம். தாத்தா முன்பே போய்விட்டார். பெரியப்பா, என் அப்பா, மூத்த அத்தை மாப்பிள்ளை என்று தனக்குப் பிந்திப் பிறந்தவர்களை அடுத்தடுத்து அனுப்பி வைத்தார். என் அப்பா போனபோது அவர் அழுத அழுகையை எழுதுகிற தெம்பு எனக்கு இல்லை.

அதற்குப் பிறகும் தைப்பூசத்துக்கு முதல்நாள் வெள்ளி ரதம் பார்க்கப் போகாமல் இருந்ததில்லை. பென்னாங் ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் போகிற அந்த ரதத்துக்கு முன்னால் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பார்கள், அது பினாங்கின் தனி வழக்கம். அப்பாயி நிற்பது எப்போதும் ஒரே முனையில். அங்கே தேங்காய் உடைக்கும் குடும்பம் அவருடைய பழைய வாடிக்கை. சக்கர நாற்காலியில் போன வருடங்களிலும் அந்த வீட்டுப் பையன், அவனுக்கே ஐம்பது வயதிருக்கும், முதல் தேங்காயைக் கொண்டுவந்து அப்பாயி கையில் தொட வைத்துவிட்டுத்தான் உடைப்பான். அவர் இறந்த அன்று அந்தக் குடும்பம் முழுவதும் வெள்ளை உடையில் வந்து, நாங்கள் சொல்லாமலே கடைசிவரை நின்றது.

மூக்கு மட்டும் கடைசிவரை மங்கவில்லை. 92 வயதில் ஒரு தீபாவளிக்கு நான் மல்லி வறுத்துக்கொண்டிருந்தபோது, உள்ளறையிலிருந்து குரல் வந்தது: "இன்னும் ரெண்டு கிண்டு கிண்டு கண்ணு, பச்ச வாசன போகல." கதவு சாத்தியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு வக்கீல் கூப்பிட்டார். லைட் ஸ்திரீட்டில் அவர் அலுவலகம். அப்பாயி 2004-லேயே உயில் எழுதி வைத்திருந்தார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தங்கம், சேமிப்பு, ஊரில் தாத்தா பங்குக்கு வந்த துண்டு நிலம் விற்ற பணம் எல்லாவற்றையும் மகன், மகள் என்று பார்க்காமல் சமமாகப் பிரித்திருந்தார். மகன்களுக்குச் சமமாக மருமகள்களுக்கும் தனிப்பங்கு. என் அம்மாவின் பெயருக்கு நேராக, முப்பது வருடம் விதை எடுத்துக் கொடுத்ததற்கு என்று எழுதச் சொல்லியிருந்தாராம். அம்மா அதைக் கேட்டு வாயடைத்துப் போனார். சித்தப்பாவுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு அவரே, எங்கம்மா கணக்குத் தப்பாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அம்மி உயிலில் இல்லை. அதை அத்தை பாயான் பாருவில் உள்ள தன் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். எனக்கும் அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் அரைப்பு. தெங்கிரி மீனுக்கு மிளகாய் எவ்வளவு என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. அத்தை கை கொஞ்சம் காரம், அப்பாயியைப் போல மூன்று விரலில் எடுத்தால் எனக்குக் குறைகிறது. ஆனால் கல் வழவழத்துப் போய்விட்டது. குழவி வழுக்குகிறது, மிளகாய் அரைபடாமல் ஓரத்துக்கு ஓடுகிறது. உளி வைத்துக் கொத்த வேண்டும். முன்பெல்லாம் தெருவில் அம்மி கொத்துகிறவர் வருவார், அப்பாயி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து எங்கே ஆழம், எங்கே மேலாக என்று சொல்லிக்கொண்டிருப்பார். இப்போது தேடியும் கிடைக்கவில்லை. பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ சுங்கைப் பட்டாணிப் பக்கமோ அம்மி கொத்தத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தீபாவளிக்குள் வேலை முடிய வேண்டும். கூலி எவ்வளவு கேட்டாலும் கொடுப்போம், வண்டி அனுப்பிக் கூட்டி வருகிறோம்.